மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மெர்சியின் வலது கால் அவளைக் கேட்காமலே மடங்கிவிடும். சமதரையில்தான் நடந்துகொண்டிருப்பாள். திடீரென்று பாதம் உள்பக்கமாகத் திரும்பி, ஆளைப் பக்கத்துச் சுவரிலோ பக்கத்தில் வருபவர் மேலோ கொண்டுபோய்ச் சேர்க்கும்.

“உங்காலு மட்டும் தனியா குடிச்சிட்டு வருதுடி” என்பாள் கன்னியம்மா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில், பேக்கிங் பிரிவில், இருவருக்கும் ஒரே மேசை.

போன மழைக்காலத்தில் தொடங்கியது இது. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சரக்கு அடுக்கும் மரப் பேலட்டிலிருந்து இறங்கிய மெர்சி, தரையில் உருண்டு கிடந்த ஒரு போல்ட்டின் மேல் காலை வைத்தாள். கணுக்காலில் ஏதோ படக்கென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன் மாதிரி வீங்கியது.

கம்பெனி வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நிற்கிறது. விபத்தில்லாமல் போன நாட்களின் கணக்கு அதில் இருக்கும். தினமும் காலையில் வாட்ச்மேன் முனுசாமி பழைய எண்ணைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். உள்ளே அடிபட்ட யாராவது மறுநாள் வேலைக்கு வராவிட்டால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். வருஷம் முழுக்கப் போகாமல் இருந்தால் எல்லோருக்கும் பரிசு. போன வருஷம் குக்கர் கொடுத்தார்கள். இந்த வருஷம் கிரைண்டர் என்று பேச்சு. பர்மனன்ட், கான்ட்ராக்ட் என்று பிரிக்காமல் எல்லோர் கைக்கும் ஒரே மாதிரி வந்த ஒரே பொருள் அந்தக் குக்கர்தான். அதனால் அடிபட்டவர்களை யாரும் வீட்டில் இருக்க விடுவதில்லை. விரல் நசுங்கியவனைக்கூட ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மெர்சியையும் அப்படித்தான். மறுநாள் விடிந்ததும் கன்னியம்மா பொன்னேரியில் இறங்கி அவள் காலனிக்கே வந்துவிட்டாள். “நீ சும்மா வந்து குந்திக்கினு இரு. உன் பொட்டியையும் சேத்து நாங்க கட்டறோம்” என்று தோளில் சாய்த்து ரயிலேற்றினாள். அதைப் பாசம் இல்லையென்று சொல்ல முடியாது.

முதலுதவி அறையில் பாதுகாப்பு அதிகாரி பூவராகவன் காத்திருந்தார். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அவள் குதிகாலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். மெர்சி பதறிக் காலை இழுத்தாள்.

“ஐயோ, வேணா சார்!”

“சும்மா இரு மெர்சி. பாதத்தை மேல தூக்கிப் புடி. தொங்க விடாத.”

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. இருவருக்கும் ஒரே ஊர். பூவராகவனின் அப்பா வயலில் மெர்சியின் அம்மா நாற்று நட்டவள். அந்தப் பெரியவரை, எசமானைச் சொல்வது போல, ‘ஆண்ட’ என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டு வேலியைத் தாண்டி அவள் போனதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை இப்போது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீல நிற டேப். துணி மாதிரி மெல்லியது, ரப்பர் மாதிரி இழுபட்டது. உள்கணுக்காலில் நுனியை இழுக்காமல் ஒட்டி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் நன்றாக இழுத்து மேலே ஏற்றினார். பிறகு பசை பிடிக்க உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்தார்.

“இது காலைத் தாங்கும்னு நெனைக்காத. தோலைப் புடிச்சி இழுத்துக்கினே இருக்கும், கால் எப்படி நிக்குதுன்னு உனக்கு ஞாபகப்படுத்தும். அவ்ளோதான். காலுக்கு ரெஸ்ட் வேணும். அப்புறம் ஒத்தக் கால்ல நின்னு பழகணும்.”

“இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில ஒரு தபா காட்டிட்டு வரட்டுமா சார்?”

“அங்க போனா எங்க அடிபட்டதுன்னு கேப்பாங்க. பலகை போயிடும். நான் இருக்கேன் இல்ல?”

மெர்சி போகவில்லை. காலைத் தொட்டவரின் சொல்லை எப்படித் தட்டுவது? அன்று மாலை அம்மாவிடம் காலை நீட்டிக் காட்டினாள். அம்மா அந்த நீலப் பட்டையைத் தொட்டும் தொடாமலும் தடவினாள். “அவரா? அவரு கையாலயா?” என்று கேட்டவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வானத்தில் ஒரு துண்டைக் கிழித்து யாரோ தன் காலில் ஒட்டிவிட்டது போல மெர்சிக்கு இருந்தது.

டேப் தளரத் தளரப் பூவராகவன் புதிதாக ஒட்டினார். ஓய்வுதான் கிடைக்கவில்லை. வீக்கம் வடிந்ததும் மறுபடி பெட்டி, மறுபடி பேலட். கால் மறுபடி மறுபடி மடங்கியது. ஒட்டும்போது ஊர்க்கதை பேசுவார்கள்.

“சின்ன வயசுல உங்க வரப்புல ஓடியாரப்போ இதே காலுதான் சார் சுளுக்கிக்கிச்சி. அம்மா பத்து போட்டுச்சி, நாலே நாள்ல சரியாப்பூடுச்சி.”

“எந்த வரப்பு? கெணத்து மேட்டு வரப்பா?”

“ஆமா சார், அதான்!”

இருவரும் சிரித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சிரிக்கிற மாதிரி.

கான்ட்ராக்ட் பெண்களில் சிலரைப் பர்மனன்ட் ஆக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மெர்சியின் பெயர் முதலில் இருந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. கம்பெனி அழைத்திருந்த டாக்டர் அவளை வலது காலில் நிற்கச் சொன்னார். நின்றாள். கால் நடுங்கியது, மடங்கியது, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்ளோ நாளா இப்படி? எங்க அடிபட்டது?”

“இங்கதான் சார். பேலட்லேர்ந்து எறங்கும்போது...”

டாக்டர் பக்கத்தில் நின்ற பூவராகவனைப் பார்த்தார். பூவராகவன் கையிலிருந்த டேப் சுருளின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இல்ல டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. எங்க ஊர்ப் பொண்ணு, எனக்குத் தெரியும். எங்க வயல் வரப்புல அடிபட்ட கால். பாவமேன்னு நான்தான் டேப் போட்டு ஓட்டிக்கினு வர்றேன்.”

அவர் நிமிர்வார் என்று மெர்சி காத்திருந்தாள். அவர் நிமிரவில்லை. இந்த வேலைக்கு இந்தக் கால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்தவளைப் பூவராகவன் நடையில் நிறுத்தினார். “தப்பா நெனச்சிக்காத மெர்சி. பலகை போனா எல்லாருக்கும்தான் கஷ்டம்.” பிரிக்காத டேப் சுருள் ஒன்றை நீட்டினார். முகத்தில் விட்டெறியத்தான் நினைத்தாள். ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் சேர்ந்து குவிந்து, அம்மாவின் கைகளைப் போல, அதை வாங்கிக்கொண்டன.

ஷிப்ட் முடிந்திருந்தது. கேட்டை நோக்கி நடந்தாள். கம்பெனியின் எல்லையாகத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதற்கு நாலடி உள்ளே, பலகைக்கு நேர் முன்னே, கால் மடங்கியது. இந்த முறை யாரும் பிடிக்கவில்லை. விழுந்த சத்தம் முனுசாமிக்கே கேட்டது.

“எம்மா, அப்டியே நவுந்து அந்தாண்ட போய் குந்தேன்” என்றார் முனுசாமி.

“இங்கதான் வுழுந்தேன். இங்கதான் கெடப்பேன். ஆம்புலன்ஸக் கூப்புடுண்ணே. கம்பெனிக்குள்ள வுழுந்தேன்னு சொல்லு.”

பெண்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும்தான் மெர்சிக்கு அழுகை வந்தது.

“வலிக்குதாடி?”

“உயிரு போவுதுக்கா. அவரு இன்னா சொன்னாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். நாசமாப் போவட்டும்.” கன்னியம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பொண்ணு கல்யாணத்துக்கு அந்தக் கிரைண்டரத்தான்டி நம்பினு கீறேன்” என்றாள் மெதுவாக.

“அக்கா, வேணாங்க்கா.”

“புடிங்கடி. காலு ஆடாம புடிங்க.”

நான்கு பேர் தூக்கினார்கள். ஒருத்தி தலையைத் தாங்கினாள், ஒருத்தி அடிபட்ட பாதத்தை இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டாள். மெர்சி திமிறினாள். அவர்கள் விடவும் இல்லை, குலுக்கவும் இல்லை. தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றுவது போல மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார்கள். கன்னியம்மா தன் சாப்பாட்டுப் பையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தாள்.

“இப்போ கூப்புடுண்ணே” என்றாள்.

முனுசாமி போனைக் காதில் வைத்தார். எங்கே விழுந்தார்கள் என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும்.

“ரோட்டுல சார்” என்றார்.