புல்லில் விழுந்த பச்சைக்கோடு

தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு போட்டதிலிருந்து, தெருவில் எல்லார் வீட்டுப் புல்லும் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. குடிக்க, குளிக்க, சமைக்க மட்டும்தான் குழாய். மீறினால் இணைப்புக்கே சீல்.

இந்த லட்சணத்தில் தையல்காரி வீட்டு வாசலில் மட்டும் ஒரு பச்சைக்கோடு. நாலு பேர் கைகோத்து நடக்கிற அகலம். சன்னலுக்குக் கீழே தொடங்கி, வளைந்து, பக்கத்து வீட்டு மதில்வரை கொழுகொழுவென்று போனது.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் சிசிடிவி. விடுவாரா? போட்டுக்கொடுத்துவிட்டார். தண்ணீர் இலாகா இன்ஸ்பெக்டர் கடப்பாரைக்காரர் ஒருவரோடு வந்து நின்றாள். மண்ணுக்கடியில் திருட்டுக் குழாய் பதித்திருக்கிறீர்கள், அகப்பட்டால் இன்றைக்கே சீல் என்றாள்.

குழாய் போனால் என்ன செய்வது என்று பயந்தாள் தையல்காரி. உள்ளே கைக்குழந்தை தூங்குகிறது. அதைவிடப் பெரிய பயம், புருஷன்மேல் அவளுக்கே சந்தேகம். அவன் முடிதிருத்துகிறவன். கடையில் தலைகளுக்குக் காட்டாத அக்கறையை வீட்டில் புல்லுக்குக் காட்டுவான். குப்புறப் படுத்துக்கொண்டு கத்தரியால் ஓரம் வெட்டுவான். புல்லுக்கு அவள் 'மூத்தவள்' என்றே பெயர் வைத்திருந்தாள்.

அவனை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. மூத்தவளுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்லடி."

"அப்ப எப்படிப் பச்சையா இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

புரியவில்லையாம். அவள் நம்பவில்லை.

கடப்பாரை இறங்கியது. கோட்டுக்கு வெளியே மண் ஓடு மாதிரி தெறித்தது. கோட்டுக்குள்ளேயோ வெண்ணெயில் போவது போலப் போனது. இடுப்பளவு தோண்டியும் குழாயைக் காணோம். கறுத்த வண்டல்தான் வந்தது, பிடித்தால் பிடித்தபடி நின்றது. அதற்கும் கீழே ஈரமணலும் வழவழப்பான கூழாங்கற்களும். புல்லின் வேர்கள் அதுவரைக்கும் நூல் நூலாக இறங்கியிருந்தன.

சிசிடிவி மதில்மேல் தலையை நீட்டி, இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னார். இன்ஸ்பெக்டருக்குக் குழப்பம். கோடு எங்கிருந்து வருகிறது என்று மேலேயிருந்து பார்க்கலாம் என்று மொட்டைமாடிக்கு ஏறினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். சிசிடிவியும்தான்.

எல்லாரும் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார்கள்.

கோடு மதிலோடு நிற்கவில்லை. சிசிடிவி வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால், அவரே எட்டிப்பார்க்காத மூலையில், பச்சையாக எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனது. தெருவுக்கு அடியில் மறைந்து பள்ளிக்கூட மைதானத்தில் முளைத்தது. அங்கே இன்னொரு கோடு வந்து சேர, இரண்டும் ஒன்றாகி அகலமாகி, கண்ணுக்கெட்டின தூரம்வரை வெளிறின ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போயின.

"ஆறு," என்றாள் இன்ஸ்பெக்டர், கோயிலுக்குள் பேசுகிற குரலில். "யாரோ எப்பவோ தூத்துட்டு வீடு கட்டிருக்காங்க. ஈரம் இன்னும் அடியில கெடக்கு."

எல்லாரும் தண்ணீர் விட்டபோது ஊரே பச்சை. ஆறு அதற்குள் ஒளிந்துகொண்டது. குழாயை நிறுத்தியதும் இதோ என்று எழுந்து வந்துவிட்டது. தன் தையல் மிஷின் இத்தனை நாளும் ஒரு ஆற்றின்மேல் ஓடியிருக்கிறது என்று நினைத்ததும் தையல்காரிக்கு உடம்பு சிலிர்த்தது.

சீல் வைக்க ஒன்றுமில்லை என்றாள் இன்ஸ்பெக்டர். சிசிடிவி தன் கொட்டகை மூலையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள நம்பாமப் போயிட்டேன்," என்றாள் தையல்காரி, புருஷன் பக்கம் திரும்பி.

"இப்ப அதெல்லாம் எதுக்கு? அந்த வளைவப் பாரு," என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.

வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இன்ஸ்பெக்டரை வழியனுப்பத் தையல்காரி புல்லைக் கடந்தாள். பச்சைக்கோடு வந்ததும், தன்னையறியாமல் நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டாள். பின்னால் வந்த அவனும் சிரிக்கவில்லை. குனிந்து கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துக் கடந்தான்.