வெட்டுக்கு இந்தப் பக்கம்

திடப்பொருள் இயக்கவியல் வகுப்பில் செவ்வாய்தோறும் ஒரு பெஞ்சை வெட்டுவார்கள். ஞானதுரை சார் பெஞ்சின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தை டஸ்டரால் அழித்துவிட வேண்டும். அழிந்தவர்கள் கொடுத்த விசையை ஓர் அம்புக்குறியாக வரைந்துவிட்டால் கணக்கில் குறையில்லை. வருகைப் பதிவேட்டிலும் அவர்களுக்கு அம்புக்குறிதான். கோடு யார் மேலேயே விழுகிறதோ, அவர்களுக்கு அதுவும் கிடையாது. அறுபத்து நான்கு பேர் சேர்ந்த வகுப்பில் இப்போது இருபது பேர்.

இந்த வாரம் மூன்றாவது பெஞ்சு. சுவரோரம் இசக்கியம்மாள். அவளுக்கு அடுத்து, பெஞ்சின் திறந்த முனையில், அவளுடைய விடுதி அறைத்தோழி ஜெரோஸ்லின். இசக்கிக்குப் பயம். பெஞ்சுக்கு அடியில் தோழியின் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையைச் சேர்த்துக்கொண்டாள்.

சாக்பீஸ் நேராக இசக்கியின் முழங்காலை நோக்கி வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஒரு சாண் சுவர்ப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கோடு இருவருக்கும் நடுவில் இருந்தது. பயத்தில் தானாகவே ஒதுங்கிவிட்டோம் என்று நினைத்தாள்.

"எந்தப் பக்கத்த வச்சிக்கிடப் போற?" என்று சார் அவளைக் கேட்டார்.

விடை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சுவர் எவ்வளவு தள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சுவர்ப்பக்கத்தை அழித்துவிடுவதுதான் முறை. பரீட்சையில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்.

"என் பக்கம், சார்."



தப்பென்று சொல்ல முடியாது, சுற்று வழி, அவ்வளவுதான் என்றார் சார். டஸ்டர் இரண்டு தடவை போய்வந்தது. ஜெரோஸ்லினின் தண்ணீர் பாட்டில்கூட மிஞ்சவில்லை.

அம்பு வரையச் சொன்னார். திசை தெரியாவிட்டால், இழுப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். தள்ளியிருந்தால் விடை மைனஸில் வரும். இசக்கிக்குச் சந்தேகமே இல்லை. அழியப்போகிறவள் கூட இருப்பவளையும் சேர்த்துத்தானே இழுப்பாள்? தன்னிடமிருந்து வெளிப்பக்கமாக அம்பை வரைந்தாள்.

"இனி செவர்ட்ட கேளு."

சுவரில் காதை வைத்தாள். சுவர் கூச்ச சுபாவம் உள்ளது. மூன்றாம் முறை கேட்ட பிறகு, நாற்பது நியூட்டன் தள்ளுகிறேன் என்றது.

கணக்குப் போட்டாள். மைனஸ் நாற்பது. மறுபடி போட்டாள். அதேதான்.

"கோடு ஒம்மேலதான் விழ இருந்துச்சு," என்றார் சார். "அந்தப் பிள்ள ஒன்னச் செவரு பக்கமாத் தள்ளிருக்கு. அம்ப மாத்திப் போடு."

மாற்றிப் போட்டாள். அழுகை வந்தது. பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

சார் பதிவேட்டைத் திறந்து, ஜெரோஸ்லின் என்று கூப்பிட்டார்.

இசக்கியின் உள்ளங்கையை ஏதோ மெல்லச் சுவர்ப்பக்கமாகத் தள்ளியது.

சார் குறித்துக்கொண்டார்.