ஓடைப் பனி கெட்டி

விடிந்ததும் நிக்கோலாசா பனி ஓடையின் அடிவரைக்கும் நடந்து போய்க் காலால் மிதித்துப் பார்த்தாள். குதிகால் இறங்கவில்லை. முகாமுக்குத் திரும்பி வந்து ரேடியோவை எடுத்து மேலே சொன்னாள்:

"ஓடைப் பனி கெட்டி. கல்லு மாதிரி கெடக்கு."

"அப்போ மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துர்றோம் புள்ள," என்றான் அவள் புருஷன் சோசிமோ.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஏறிப்போய், குந்தூர் மலையின் கழுத்தில் அவனும் அவள் தம்பி கிரிமால்தோவும் இருந்தார்கள். மழைக்காலம் முடிந்து மலைக்கு வழி திறக்கிற சமயம். ஏற வருகிறவர்களுக்கு முன்னால் ஆண்டுதோறும் இவர்கள் இரண்டு பேரும்தான் ஏறிப் பார்ப்பார்கள். எந்தப் பிளவு வாய் திறந்திருக்கிறது, பழைய கயிற்றில் எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துவிட்டு இறங்குவார்கள். கீழே சமையலுக்கு நிக்கோலாசா. கோவேறு கழுதைகளுக்கு அபிலியோ. சோசிமோவின் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன் முறை. வேலையைவிட வாய் அதிகம்.

இறங்க இரண்டு வழி உண்டு. மலை இடுக்கில் பனி நிறைந்து கிடக்கும் ஓடை வழியாக வந்தால் சுருக்கம். பாறை முகட்டைப் பிடித்து வந்தால் பொழுது சாய்ந்துவிடும், முழங்காலும் கழன்றுவிடும். ஆனால் முகட்டில் தலைக்கு மேலே எதுவும் கிடையாது. ஓடைக்கு மேலேயோ, மழைக்காலம் முழுக்கக் காற்று கொண்டுவந்து சேர்த்த பனி, கூரையின் விளிம்பு போல நீட்டிக்கொண்டிருந்தது. மேலே நிற்பவன் அந்த விளிம்பின்மீதுதான் நிற்கிறான், அடிப்பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருப்பவளுக்குத்தான் தெரியும். அதனால் ஓடையைப் பற்றி நிக்கோலாசா சொல்வதுதான் கடைசிப் பேச்சு. சோசிமோ மற்ற எதிலும் அவளோடு மல்லுக்கு நிற்பான், இதில் மட்டும் நிற்க மாட்டான்.

வெயில் ஏறியதும் காற்று திசை மாறியது. கிழக்கே காட்டுப் பக்கமிருந்து வெதுவெதுப்பாக வீசியது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன மதினி, மூஞ்சி இப்படிப் போகுது? கெழங்கு அழுகலா?" என்றான் அபிலியோ.

"காத்தைப் பாரு."

"நல்லாத்தானே இருக்கு. கை காலு மரத்துப்போகாம இருக்கு."

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். பனிக்கு?"

தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். ஓடையில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகப் புறப்பட்டு, பின்னால் கோடு கிழித்துக்கொண்டு உருண்டு வந்தன. மேலே விளிம்புக்கு அடியில் ஒரு கருப்பு வரி. காலையில் அது அங்கே இல்லை. தண்ணீர் கசிகிறது. அந்த வரி விரிசலாகும். விரிசலானால் மொத்தமும் ஓடையில்தான் இறங்கும்.

ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள். "இந்தாங்க, கேக்குதா? ஓடை கெட்டுப்போச்சு. மேல தண்ணி கசியுது. முகட்டு வழியா வாங்க. ஓடை கெட்டுப்போச்சு!"

இரைச்சல். பிறகு சோசிமோவின் குரல் தெளிவாக வந்தது.

"புள்ள, பாதிதான் கேட்டுச்சு. 'ஓடை கெட்...'ங்கறதோட நின்னு போச்சு. கெட்டின்னுதானே சொன்ன?"

மறுபடி அழுத்தினாள். சிவப்பு விளக்கு மினுக்கிட்டு அணைந்தது. கேட்பதற்கு மட்டும் உயிர் இருந்தது, பேசுவதற்கு இல்லை.

"அபிலியோ, மாத்து பேட்டரி எங்க?"

அபிலியோ கழுதையின் கழுத்தைத் தடவினான்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"அது மதினி... ரெண்டு நாளா பாட்டுப்பெட்டியில போட்டிருந்தேன், தீந்துபோச்சு. சும்மா ஒரு பாட்டு ரெண்டு பாட்டுதான்..."

"நாசமாப் போக! உன் பாட்டுல இடி விழ!"

ரேடியோ மறுபடி பேசியது. மேலே சோசிமோ பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே பேசினான் போல. "பதில் காணோம். சரி, காலையில கெட்டின்னுதான் சொன்னா. இப்பவும் அதான் சொல்லியிருப்பா. மாப்ள, கயித்த எடு. ஓடையிலேயே இறங்குவோம்."

நிக்கோலாசா கைகளை வாயருகே குவித்தாள். கத்தினாள். காற்று அவள் குரலைத் திருப்பி அவள் முகத்திலேயே அடித்தது. அபிலியோ விசிலடித்துப் பார்த்தான், கழுதைகள்தான் காதைத் தூக்கின.

ஊருக்கு வரும் மலைப்பாதையில் மண் சரியும்போதெல்லாம் சாலைக்காரர்கள் சிவப்புத் துணியை ஆட்டி லாரிகளை நிறுத்துவது அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. மேலே கட்டியிருந்த சிவப்புக் கம்பளிப் பாவாடையை அவிழ்த்தாள். அடியில் இன்னும் இரண்டு பாவாடை இருந்தது. கூடாரக் கம்பு ஒன்றை உருவி அதன் நுனியில் கட்டி, உயரமான பாறை மேல் ஏறி நட்டாள். காற்று அதை விரித்துப் பிடித்தது. சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

தெரிந்தது.

"மாப்ள, கீழ பாருடா!" ரேடியோவில் சோசிமோ சிரித்தான். "உங்கக்கா கொடி ஏத்திட்டா! சிச்சா தயார்!"

"நெசமாவா மச்சான்? இவ்வளவு மேல வரைக்கும் சிச்சா சுமந்துட்டா வந்தா?"

"கெளம்பும்போது சொன்னேன்ல, இறங்கி வரும்போது கொடி பறக்கணும்னு. சொல்லாம கொள்ளாம கொண்டாந்திருக்கா பாரு. நட நட, புளிச்சுப் போறதுக்குள்ள போவோம்."

நிக்கோலாசா பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரில் அவள் வீட்டு வாசலில், சோளத்தை ஊறவைத்துக் காய்ச்சிப் பானை புளிக்கிற நாளெல்லாம் கம்பு நுனியில் தொங்குவது இதே மாதிரி சிவப்புத் துணிதான். சிச்சா இருக்கிறது, உள்ளே வா என்று அர்த்தம். அந்தக் கொடியைப் பார்த்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். முதன்முதலில் சோசிமோவே அப்படி வந்தவன்தான். போகாதே என்று சொல்வதற்காக ஏற்றியதை வா என்று படித்துக்கொண்டு வருகிறான் மனுஷன்.

"சாலைக்காரன் கொடின்னு நெனச்சேன்," என்றாள்.

"குடிகாரனுக்கு அது சிச்சா கொடிதானே மதினி," என்றான் அபிலியோ. சொன்ன பிறகு அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவள் பாய்ந்து பாவாடையைப் பிடுங்கிக் கல்லடியில் திணித்தாள். தொலைநோக்கியில் இரண்டு கருப்புப் புள்ளிகள் விளிம்பை நோக்கி நகர்ந்தன. முன்னால் போவது சோசிமோ. அவன் நடை அவளுக்குத் தெரியும். அவசரத்தில் இடது தோள் தாழும்.

என்ன செய்தால் அவன் நிற்பான்? கையை ஆட்டினால் வரவேற்கிறாள் என்பான். புகை போட்டால் சமைக்கிறாள் என்பான். நான் எதைச் செய்தால் இந்த மனுஷன் சிரிக்க மாட்டான்?

அவள் பார்வை மஞ்சள் சமையல் கூடாரத்தில் விழுந்தது.

இந்த மலையில் அவர்களுக்குள் வருஷம் தவறாமல் வருகிற ஒரு சண்டை உண்டு. முகட்டுக்கு அடியில் ஓடும் தண்ணீர் பக்கம், அங்கே கூடாரம் போடு என்பான் அவன். அங்கே காற்று சட்டியைத் தூக்கும், மாட்டேன் என்பாள் அவள். நேற்று முன்தினமும் நடந்தது. "செத்தாலும் மாத்த மாட்டேன். என் அடுப்பு, என் எடம்," என்று கரண்டியை ஓங்கிச் சொல்லியிருந்தாள். தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அபிலியோ, முளையெல்லாம் பிடுங்கு!"

"எதுக்கு மதினி?"

"பிடுங்குன்னா பிடுங்கு!"

அடுப்பு கவிழ்ந்தது. கொதித்த தண்ணீர் கல்லில் சீறியது. அடுப்பு, சட்டி சாமான், கிழங்கு எல்லாவற்றையும் கூடாரத்துக்குள் அள்ளிப் போட்டாள். அபிலியோ கழுதைகளை அவிழ்த்துக் கீழ்ப்பக்கம் விரட்டினான். கூடாரத்தை மடிக்க நேரமில்லை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உப்பிய மஞ்சள் துணியை அப்படியே தூக்கிக்கொண்டு, ஓடையை விட்டு விலகி முகட்டின் அடியைப் பார்த்து ஓடினார்கள். அந்த உயரத்தில் ஓட்டம் என்பது பேச்சுக்குத்தான். பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சை விழுங்க வேண்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ரேடியோ பேசிக்கொண்டே வந்தது.

"என்னடா இது, கூடாரத்தைப் பிரிக்குறா?"

"கோவம் மச்சான். ராத்திரி சூப்புல உப்பு பத்தலன்னீங்கல்ல."

"அதுக்காகவா... எங்கடா போறா?"

இரைச்சல். அவள் கல் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ஈரம். எழுந்தாள்.

"முகட்டுப் பக்கம் போறா மச்சான்."

"அவளா? முகட்டுக்கு அடியிலயா?"

"ஆமா. அங்கதான்."

ரேடியோ ஒருதரம் கீச்சிட்டது. அதோடு அதன் உயிரும் போனது.

தண்ணீர் ஓரமாகக் கூடாரத்தை நிறுத்திக் கல் வைத்து அழுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஓடையின் தலைப்பகுதி தெரியாது. அவள் வைத்த கல்லையே மறுபடி எடுத்து வைத்தாள். அபிலியோ பார்த்துவரப் போகிறேன் என்று ஓரடி எடுத்து வைத்தான்.

அப்போது சத்தம் கேட்டது. முதலில் கனத்த கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு அடி. பிறகு நீளமான உறுமல். வெள்ளைப் புகை ஓடை வாயிலிருந்து வெளியே வந்து, பழைய முகாம் இருந்த மேட்டில் ஏறி, படிந்து அடங்கியது. பொடிப்பனி இவர்கள் முகத்திலும் வந்து விழுந்தது.

அபிலியோ தொப்பியைக் கழற்றினான்.

"போடு தொப்பிய," என்றாள். "யாருக்குடா கழட்டுற?"

அவன் போட்டுக்கொண்டான்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். காற்று அணைத்தது. மறுபடி பற்றவைத்தாள். மிச்சமிருந்த கிழங்கை நறுக்கிச் சட்டியில் போட்டு, நாலு பேருக்கு ஆகிற அளவு தண்ணீர் ஊற்றினாள். அபிலியோ அந்த அளவைப் பார்த்தான். ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்து, பாட்டுப்பெட்டியிலிருந்த பேட்டரிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அவையும் செத்துத்தான் போயிருந்தன.

வெயில் முகட்டின் உச்சிக்கு ஏறி மறைந்தது. சூப்பில் இரண்டுமுறை தண்ணீர் சேர்த்துவிட்டாள். மூன்றாம்முறை செம்பைக் கையில் எடுத்தபோது மேலேயிருந்து ஒரு கூழாங்கல் தட்டித் தட்டி உருண்டு வந்தது. பின்னாலேயே குரல்.

"மச்சான், மெதுவா! என் தலையில கல்லத் தள்ளாதீங்க!"

"தலையா இருந்தாத்தானே மாப்ள."

நிக்கோலாசா செம்பைக் கீழே வைத்தாள். எழுந்து எதிரே போகவில்லை. கரண்டியை எடுத்துச் சட்டியைக் கிளறினாள். கரண்டி சட்டியில் இடித்துக்கொண்டே இருந்தது.

சோசிமோ நொண்டிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். உதடு வெடித்திருந்தது. முகட்டையும் கூடாரத்தையும் அவள் முழங்கால் ரத்தத்தையும் பார்த்தான்.

"விளிம்புல கால வச்சுட்டேன்," என்றான். "நீ இங்க கூடாரம் போடுறன்னு இவன் சொன்னான். நம்பல. இவ செத்தாலும் மாத்த மாட்டாளே, மாத்துறான்னா எதுக்குன்னு... கால எடுத்துட்டேன்."

"பேசாம சாப்பிடுங்க."

கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. உப்புப் பை அடுப்பு இருந்த பழைய இடத்துக் கல்லிலேயே கிடந்துவிட்டது. இப்போது அந்தக் கல்லின் மேல் பனி. அவளுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோசிமோ வாயைத் திறந்தான். கிரிமால்தோ பனியில் வழுக்காமலிருக்க இரும்புப் பல் கட்டிய காலைக் கொஞ்சமாக நகர்த்தி அவன் பூட்ஸ் பக்கத்தில் வைத்தான்.

சோசிமோ வாயை மூடிக்கொண்டான். கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று நீட்டினான்.