முப்பத்தேழரை டிகிரி பாவா

துளசிங்கம் படுத்திருக்கும் அறை, வெளியே அக்னி நட்சத்திரமானாலும் மார்கழிப் பனியானாலும், கொஞ்ச நேரத்தில் முப்பத்தேழரை டிகிரிக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். திருத்தணி மலையடிவாரத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். எத்தனை டிகிரி என்று யாரும் அளந்ததில்லை, அவ்வளவே. குளிர்காலத்தில் தெருநாய்கள் அவன் கட்டிலுக்கு அடியில் வந்து சுருண்டன. மனிதர்கள் வரவில்லை. காரணம் நாற்றம். துளசிங்கம் குளிக்க மாட்டான். கழுத்து மடிப்பில் அழுக்கு கயிறு கயிறாகத் திரண்டிருக்கும். புகையிலையை அதக்கிச் சுவரோரம் துப்புவான், துப்பியதைக் காலால் தேய்ப்பான், பிறகு அந்தக் காலைக் கையால் தடவிக்கொண்டே சோறு கேட்பான். மனைவி மணியம்மை ஆர்.கே.பேட்டையிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அதன் பிறகு அவன் தன் தம்பி குணசேகரன் வீட்டின் நடு அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டான்.

குணசேகரனின் மனைவி மோனிகா, பாவா என்று அவள் கூப்பிடும் அந்த மூத்தாரின் கட்டிலைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டப் பழகிவிட்டாள். ஆனாலும் சோற்றில் அவன் வாடை அடிப்பதாகத் தோன்றிப் பாதித் தட்டில் எழுந்துபோவாள். தனிக்குடித்தனம் போகலாம் என்று கேட்டால், கம்பெனி வேன் ஓட்டும் குணசேகரன், "வாடகைக்கு எங்க போறது? நீயும் சம்பாரிச்சா பாக்கலாம்" என்றான். அன்றைக்கே மோனிகா முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள். நாட்டுக்கோழிக் குஞ்சு தேடி ஆந்திராவிலுள்ள நகரி, புத்தூர் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். மீன் வந்த தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன ஃபேன், ஈரத்துக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்தான் அவளை அலைய விட்டது.

முதலில் பழைய இஸ்திரிப்பெட்டியிலிருந்து கழற்றிய ஒன்றை மாட்டினாள். முட்டையை உடைத்துப் பார்த்தபோது வெள்ளைக்கரு பாதி வெந்திருந்தது. அதன் நடுவே கறுத்த கண்ணோடு ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாந்தியெடுத்தாள். அடுத்து, சிவப்பு எண்கள் எரியும் மலிவான டிஜிட்டல் போர்டு வாங்கினாள். வோல்டேஜ் ஏறி இறங்கிய ஒரு நாளில் பல்பை ஏற்றி அணைக்கும் அதன் ரிலே ஒட்டிக்கொண்டது, பல்பு அணையவே இல்லை. எது செத்தது, எது பிழைத்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவைத்தாள். முட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. பச்சை நீர் பெட்டியின் மூடியிலிருந்து சொட்டியது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. துளசிங்கம் மட்டும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அல்தாஃப் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான், உடனே மூடினான்.

"வெலையப் பாத்து வாங்கக்கூடாதுக்கா. பல்பு ஆஃப் ஆயி, திரும்ப ஆன் ஆவுறதுக்குள்ள எவ்ளோ டிகிரி எறங்குது, அதான் மேட்டரு. ரெண்டு டிகிரி எறங்குச்சுன்னா குஞ்சு உள்ளவே பூடும்."

"எறங்காத மாதிரி இருக்குதா பாய்?"

"ஆங், இருக்குது. ஆனா கரண்ட் போச்சுன்னா எல்லாம் வெறும் டப்பாதான்."

அவன் சொன்ன நல்ல போர்டையே வாங்கினாள். கூடவே ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரும் வாங்கி உள்ளே வைத்தாள். சமையலறைப் பிளக் கருகிப்போய், மிச்சமிருந்த பிளக் பாயிண்ட் நடு அறையில்தான் இருந்தது என்பதால் பெட்டி துளசிங்கத்தின் தலைமாட்டுக்கு வந்தது. அந்த ஐப்பசி மழையில் கம்பம் சாய்ந்து, தெருவில் கரண்ட் போனது போனதுதான். முட்டைகளை அள்ளிக் குப்பையில் கொட்டலாம் என்று மோனிகா ஒரு மத்தியானம் பெட்டியருகே போனாள். துளசிங்கம் அதைக் கட்டிப்பிடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கடைவாயில் வழிந்த எச்சில் மூடிமேல் கோடு போட்டிருந்தது. தெர்மாமீட்டர் முப்பத்தேழரை காட்டியது. அவனை எழுப்பி வாசலுக்கு அனுப்பினாள், பாதரசம் இறங்கியது. திரும்பக் கூப்பிட்டுப் படுக்கச் சொன்னாள், ஏறி முப்பத்தேழரையில் நின்றது. இருபத்தோராம் நாள் ஏறக்குறைய எல்லா முட்டையும் பொரிந்தது. அல்தாஃப் தன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பாயிண்ட் ஒண்ணுகூட ஆடலக்கா. இந்த மாடல் மார்க்கெட்லயே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நல்ல போர்டு ஆணியில் தொங்கியது. கட்டிலைச் சுற்றிப் பெட்டிகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. நகரிக்காரர்கள் தெலுங்கில் பேரம் பேசிக் கூடை கூடையாகக் குஞ்சுகளை எடுத்துப்போனார்கள். துளசிங்கம் தண்ணீர்க் கிண்ணங்களில் துப்பிவைத்தான், மோனிகா கழுவிவைத்தாள். இப்படி இரண்டு வருடம் போனது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடியும் பூவுமாக மணக்க, இந்த வாடை இனி தாங்காது என்று அவள் அழுதாள். குணசேகரன் அண்ணனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தான். சாக்கடைத் தண்ணீர் தார் மாதிரி ஓடியது. அன்றைக்கே அறை முப்பத்து நான்குக்கு விழுந்தது. வெளிவரவிருந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே, இறகெல்லாம் முளைத்து, ஈரமாகச் செத்துக் கிடந்தன.

"ஒரு மனுஷன் குளிச்சா இப்பிடியா பாவா ஆவும்? உங்களுக்கே நாறலியா?" என்று கத்தினாள்.

துளசிங்கத்துக்குப் பல் கிட்டியது. "நாறுதும்மா. எனக்கும்தான் நாறுது. மணியம்மை போறன்னு நின்னப்போ குளிச்சுப் பாத்தேன். ஒடம்பு இதே மாதிரி ஒதறுச்சு. நடிக்கிறேன்னுட்டா."

அந்த நேரத்திலும் அவன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த புகையிலைதான் மோனிகாவின் கண்ணில் பட்டது. போர்வைகளை எடுத்துவந்து அவன்மேல் போட்டாள். உதறல் நிற்கும்வரை வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அழுக்கு ஏற ஏற அறையில் சூடும் ஏறியது. குளியல் பேச்சை அவள் அதன் பிறகு எடுக்கவில்லை.

தை பிறந்ததும் குணசேகரன் மணவூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தான். இருவர் மட்டும் இருப்பதற்குப் போதுமான வீடு. மோனிகா உள்ளே சுற்றிவந்து வீட்டுக்கார அம்மாள் பாஞ்சாலியிடம், "எங்க பாவாவுக்குத் தனியா ஒரு ரூம் வேணுமே. ஜன்னல் பெருசா இருக்கணும்" என்றாள். குணசேகரன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆங், அந்தக் கோழிக்குஞ்சுக்காரரா?" என்றாள் பாஞ்சாலி. "பின்னாடி இருக்குது பாரு ஒண்ணு. சுவத்துல துப்பாம மட்டும் பாத்துக்கோ."

அவன் துப்பத்தான் செய்கிறான். மோனிகா காலையும் மாலையும் பின்னறைக்குப் போய் முட்டைகளைத் திருப்பிவைத்து, பாவாவின் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, கிணற்றடிக்கு வந்து குமட்டுகிறாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, குஞ்சு வாங்கக் காத்திருப்பவர்களிடம் போகிறாள்.