மூன்றாவது மாடலின் தோட்டா

எலியுத்தேரியோவின் நெஞ்சைக் குறிவைத்துச் சேவற்களத்தில் சுடப்பட்ட தோட்டா, அவன் வீட்டுக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. அந்தத் துப்பாக்கி அவன் கையாலேயே செய்தது. பிலிப்பைன்ஸின் செபு தீவில் மலையோரத்தில் இருந்த அவன் குடும்பத்துப் பட்டறை ஒரே கைத்துப்பாக்கியை மூன்று மாடல்களில் செய்திருந்தது. அப்பா செய்த முதல் மாடல் பெருங்கனம். சேற்றில் புதைத்து எடுத்தாலும் சுடும். சித்தப்பா செய்த இரண்டாவதில் ஸ்பிரிங் மட்டமானது. பாதித் தோட்டா உள்ளேயே சிக்கும், மீதி போகிற வழியில் சோர்ந்து விழும். மூன்றாவது எலியுத்தேரியோ செய்தது. பார்க்க அழகு, ஒருமுறைகூடச் சிக்காது. ஆனால் வெளியே வந்த தோட்டா காற்றில் நின்று, யோசித்து, பிறகு ஊர்ந்து போகும்.

விற்குமுன் எல்லாவற்றையும் பின்பக்கத்துத் தென்னையில் சுட்டுப் பார்ப்பது அவன் அக்கா தியோப்பிஸ்தா. தம்பியை அவள் 'டோங்' என்பாள், அக்காவை அவன் 'மனாங்' என்பான்.

"இது துப்பாக்கியா நத்தையாடா, டோங்? இதப் போயி விக்காத."

அவன் கேட்கவில்லை. அதே ஊரில் சண்டைச் சேவல் வளர்க்கும் கவுதென்சியோவுக்கு ஒன்றை விற்றான். அடுத்த திருவிழாவில் எலியுத்தேரியோ தன் சேவலின் கால் கத்தியில் விஷம் தடவியதாகச் சண்டை வந்தபோது, கவுதென்சியோ அந்தத் துப்பாக்கியை எடுத்து அவனையே சுட்டான். தோட்டா இருவருக்கும் நடுவில் தொங்கியது. களமே சிரித்தது.

"கிறிஸ்துமஸுக்குள்ள வந்துருமா?" என்று எலியுத்தேரியோவும் சிரித்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். தோட்டா மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

அவன் தெற்கே மிண்டனாவோ தீவுக்குக் கப்பலேறினான். தோட்டா கடலுக்கு இறங்கியது. மீனவர்கள் படகை ஒதுக்கி வழிவிட்டார்கள். அங்கே அது கரையேறிய செய்தி வந்ததும் அவன் ஊர் திரும்பினான், அதுவும் திரும்பியது. இரண்டாவது மாடல் தோட்டாக்களைப்போல இதுவும் எங்காவது சோர்ந்து விழும் என்று தியோப்பிஸ்தா நம்பினாள். பட்டறையில் மிஞ்சிய மூன்றாவது மாடல் அத்தனையையும் தென்னையில் சுட்டுவிட்டு, மழையிலும் வெயிலிலும் பார்த்திருந்தாள். ஒன்றாவது விழட்டும் என்று புனிதர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டாள். பருவங்கள் கழிந்தன. ஒன்று விடாமல் எல்லாம் போய் மரத்துக்குள் ஏறின.

அன்று உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க, டோங். மூணுலயும் இதுதான் தவறாது."

அவன் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனது. அதன்பின் அவன் எங்கும் ஓடவில்லை.

இரும்புத் தகடு வைத்துப் பார்த்தாள். தோட்டா சுற்றி வந்தது. தானே குறுக்கே நின்றாள்; அவளையும் சுற்றிக்கொண்டு போனது. நெருங்க நெருங்க இன்னும் மெதுவானது. ஒருநாள் காலை அவன் சோளச்சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது அவன் சட்டையைத் தொட்டது.

"மனாங், பின்கதவத் திறந்து வை. சுவரு ஓட்டையாயிடும்."

திறந்து வைத்தாள். தோட்டா அவனுக்குள் போய் வெளியே வர மாலைவரை ஆயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். அவள் அவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். உச்சி வெயில் சாய்வதற்குள் அவன் பேச்சு நின்றது. பின்கதவு வழியே போன தோட்டா இப்போது பக்கத்து வீட்டுச் சோளக்கொல்லையைக் கடந்துகொண்டிருக்கிறது. களை எடுக்கும் பெண்கள் அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் குனிந்து, பேச்சை நிறுத்தாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.