மஸ்ரெஷா என்று பெயர் வைத்தவள்

அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணமாகி வந்த மருமகளுக்கு மாமியார்தான் புதுப்பெயர் வைக்க வேண்டும். ஊர் கூடியிருக்க, பெரிய ரொட்டியை வெட்டும்போது சொல்லும் பெயர் அது. சொன்னால் சொன்னதுதான். 'என் பொன்னு', 'என் விளக்கு' என்று நாலு பேரைப் போல மாமியார் ஜெனெபெச்சும் எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அவளோ ஒரே மகள் வுடேயை அந்த மழைக்காலத்தில்தான் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாள். கத்தி ரொட்டியில் இறங்கியதும், "இவ பேரு மஸ்ரெஷா" என்றாள். மறக்க வைப்பவள் என்று அர்த்தம். பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் வைத்த பெயர் திரிங்கோ. நார்த்தம்பழம். கொல்லை மரம் முதன்முதலாகக் காய்த்தபோது பிறந்தாளாம். அந்தப் பெயர் பிறந்த வீட்டோடு நின்றுபோனது.

மறக்கவா முடிந்தது? யாராவது "மஸ்ரெஷா!" என்று கூப்பிடும்போதெல்லாம் செத்தவள் நினைவுதான் ஜெனெபெச்சுக்கு முள்ளாகத் தைத்தது. அந்த எரிச்சல் முழுக்க மருமகள் தலையில் விடிந்தது.

"வுடே வறுத்தா காப்பிக்கொட்டை இப்படியா கருகும்?"

"அவ சுட்ட இன்ஜெரா ரொட்டியில கண்ணு கண்ணா விழும். உன்னது சாக்குத் துணியாட்டம் இருக்கு."

மருமகள் மறுநாள் இன்னும் பார்த்துப் பார்த்து வறுப்பாள்.

வருஷங்கள் போயின. மகனுக்கு அடிஸ் அபாபாவில் டிரைவர் வேலை கிடைத்தது. இருவரும் புறப்படுகிற காலையில் மருமகள் மாமியாருக்கு வழக்கப்படி மூன்று சுற்றுக் காப்பி ஊற்றினாள். மூன்றாம் சுற்றில்தான் வாயைத் திறந்தாள்.

"அத்தே, கோவிச்சுக்காதீங்க. நீங்க வச்ச பேருக்கு நான் ஒழுங்கா நடந்துக்கல. என்னென்னமோ செஞ்சு பாத்தேன். வுடேய மறக்க வைக்க என்னால முடியல. மன்னிச்சிருங்க."

ஜெனெபெச்சுக்குப் பகீரென்றது. பெற்றவளாலேயே ஆகாத காரியத்தை வந்தவள் தலையில் ஊரறியச் சுமத்தியிருக்கிறாள். போதாததற்கு, தினம் குத்திக்காட்டியும் இருக்கிறாள். அந்தப் பெண்ணோ அதைத் தன் குற்றமென்றே நம்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

"போடி, பைத்தியக்காரி" என்றாள். 'பாவி நான், பெயரா வைத்தேன்?' என்று உள்ளுக்குள் அழுதாள்.

வைத்தவளே எடுத்துவிட்டால் என்ன? பஸ் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பழைய பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகன் முன்னால் ஏறினான். மருமகள் மூட்டையோடு படியில் கால் வைத்தாள்.

"திரிங்கோ!"

அவள் திரும்பவில்லை.

"அடி திரிங்கோ!" இன்னும் உரக்கக் கத்தினாள். வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூட்டையை மடியில் சரி செய்துகொண்டிருந்தாள். பஸ் உறுமியது.

ஜெனெபெச்சுக்கு வேறு வழி தெரியவில்லை.

"மஸ்ரெஷா!"

சட்டென்று தலையை வெளியே நீட்டினாள், பதறிப்போய்.

"என்ன அத்தே, ஏதாச்சும் வேணுமா?"