மல்லாந்தும் குப்புறவும்

என் தம்பியும் அவன் மனைவியும் ஒரே மருத்துவமனையில் ஸ்கேன் படம் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்கள். மார்பில் வரும் கட்டியைக் காட்டுவதில் எந்த இயந்திரம் கெட்டி என்பது அவர்கள் வீட்டில் தினப்படி வழக்கு. அவன் பெட் சி.டி. ஸ்கேன் கட்சி, அவள் பெட் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்சி. சாப்பாட்டு மேசையில் இவர்கள் போடும் சண்டையைக் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். கட்டி எனக்கே வந்த பிறகும் அந்தச் சிரிப்பு முழுதாக நின்றுவிடவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். ஒரே ஊசி, இரண்டு இயந்திரம். ஊசியில் போகும் சர்க்கரையைக் கட்டி ஆசையாக விழுங்கிவிட்டுப் படத்தில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளுமாம். "இனிப்பு விஷயத்துல அப்படியே எங்க குடும்பம்" என்றேன் ஊசி போட்ட நர்ஸிடம். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் விழித்தார். சி.டி.யில் கைகளைத் தலைக்குமேல் தூக்கி மல்லாந்து படுத்தேன். எம்.ஆர்.ஐ.யில் குப்புற, மார்புக்கென்று படுக்கையில் இரண்டு பள்ளங்கள்.

கட்டி நெஞ்சுத் தசையோடு ஒட்டியிருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும். ஒட்டவில்லையென்றால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். ஒட்டியிருந்தால் மாதக்கணக்கில் மருந்து, பிறகு மார்பையே எடுக்க வேண்டியிருக்கும். இதை நினைக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

ஆய்வில் ஒரு விதி. படத்தில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அவன் சி.டி.யைப் பார்ப்பான், அவள் எம்.ஆர்.ஐ.யை, எழுதிக் கொடுக்கும்வரை ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடக் கூடாது. ஆனால் சி.டி. எலும்பை நன்றாகக் காட்டிவிடும். என் விலா எலும்பு ஒன்று சின்ன வயதில் முறிந்து, கோணலாகக் கூடியது. அன்று ஊஞ்சலை வேகமாகத் தள்ளிய மகானுபாவன் இவன்தான். பார்த்த மாத்திரத்தில் யாருடைய படம் என்று தெரிந்துவிட்டது. உடனே வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். தம்பி கொடுக்கவில்லை. அக்காவின் படத்தை இன்னொருவர் கண்ணை நம்பி விட மனசு வரவில்லையாம்.

பிறகு நடந்ததைத் தம்பி மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒப்பிடும் நாளில் பார்த்தால், அவள் 'இடைவெளி இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். அவன் 'ஒட்டியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறான்.

"மல்லாந்து படுத்தா கட்டி தசைமேல சாய்ஞ்சு ஒட்டின மாதிரி தெரியலாம்னு மாணவர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கறீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று அவள் சீண்டினாளாம்.

அவன் வாயே திறக்கவில்லை. வாதத்தில் வாய் மூடிய கணவனை அவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள். பயந்தே போய்விட்டாள்.

"அது அக்கா" என்றான் கடைசியில்.

அவள் நேரே தலைமை டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். புருஷனுக்கு நல்ல திட்டும் வாங்கிக் கொடுத்தாள். எங்களில் யாரையும் தெரியாத இன்னொரு டாக்டரிடம் இரண்டு படங்களும் போயின.

அவர் பதில் சொன்ன அன்று சாயங்காலமே இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். அவள் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

"ஒட்டலைக்கா" என்றான். "நடுவுல கொழுப்பு தெளிவா தெரியுது. கட்டியை மட்டும் எடுத்தா போதும். நான் பார்த்ததுதான் தப்பு."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "அப்ப உன் சி.டி. தோத்துடுச்சுன்னு ஒத்துக்கறியா?"

"சி.டி. தோக்கலை. நான்தான் பயந்துட்டேன். எழுதிக் கொடுத்ததுலேருந்து, இவ ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

 கட்டி இருக்கும் பக்கத்துக் கையாலேயே அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். சோதனைக்குச் சதை எடுத்த இடம் சுள்ளென்று வலித்தது. அவன் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.